ஒன்பது வருஷம் நடத்திய பாடத்தை இப்போதுதான் படிக்கிறேன்

விடைத்தாள் திருத்தும் வேலை முடிந்து கல்லூரிக்குத் திரும்பிய அன்றே துறைத் தலைவர் கூப்பிட்டார். வரும் செமஸ்டரில் ஆபரேட்டிங் சிஸ்டம் மறுபடியும் எனக்குத்தான். ஐந்து யூனிட்டிலும் கை வைக்க முடியாது, லேப் பயிற்சிகளை மட்டும் என் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். "ஏதாவது புதுசா பண்ணுங்க மேடம், கமிட்டி வரும்போது காட்டணும்." காரணம் எதுவாக இருந்தால் என்ன, கேட்காமல் கிடைத்த வரம்.

நாமக்கல் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஒன்பது வருஷமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு ப்ராசஸ் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் முறை வைத்து சிபியூவைக் கொடுப்பது ரவுண்ட் ராபின், ஒரு முறைக்கான நேரம் டைம் குவாண்டம். ரவுண்ட் ராபின், டைம் குவாண்டம் 4, ஐந்து ப்ராசஸ், சராசரிக் காத்திருப்பு நேரம் காண்க: 13 மார்க். பேங்கர்ஸ் அல்காரிதம்: இன்னொரு 13 மார்க். தூக்கத்தில் எழுப்பினாலும், எந்த ப்ராசஸ் எப்போது ஓடும் என்று காட்டும் கேன்ட் சார்ட் போடுவேன். லேப் என்று இருப்பதும் இதேதான். மாணவர்கள் சி மொழியில் ஒரு நிரல் எழுதுவார்கள். அது ஒவ்வொரு ப்ராசஸுக்கும் எத்தனை வினாடி என்று கேட்கும், கூட்டும், வகுக்கும், சராசரியைக் காட்டும். அதை அப்சர்வேஷனில் எழுதி, ரெக்கார்டில் எழுதி, கையெழுத்து வாங்கினால் முடிந்தது. மளிகைக் கடை பில் போடுகிற கணக்கு அது. எதையும் ஓட்டாது, எதையும் நிறுத்தாது. அதற்கு செட்யூலர், அதாவது அடுத்து ஓட வேண்டியது எது என்று முடிவு செய்யும் பகுதி, என்று பெயர் வைத்து நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இதை ஒப்புக்கொள்ள வைத்தவன் போன வருஷம் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையன். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவன், வகுப்பில் வாயே திறக்க மாட்டான். ஒரு நாள் எழுந்து, "மேம், ஒரு ப்ராசஸ நிறுத்திட்டு இன்னொண்ண ஓட்டுறது யாரு மேம்?" என்றான். கர்னல், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி என்றேன். "சிபியூ ஒண்ணுதானே இருக்கு? அதுல ப்ராசஸ் ஓடிட்டிருக்கறப்போ கர்னல் எங்க ஓடும்?" போர்டில் பிசிபி பெட்டிகள் (ஒரு ப்ராசஸின் விவரக் குறிப்பு) இரண்டும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதைக் காட்டும் அம்புக்குறிகளும் வரைந்து வைத்திருந்தேன். அந்த அம்பைத் திரும்பிப் பார்த்தேன். அம்பு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வகுப்பில் பார்க்கலாம் என்றேன். அடுத்த வகுப்பில் டெட்லாக் என்ற அடுத்த தலைப்பை ஆரம்பித்துவிட்டேன்.

அதனால் இந்த மே மாதம் எனக்கு ஒரே வேலைதான். அந்த அம்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது.

எடுத்துக்கொண்டது எக்ஸ்வி6. எம்ஐடியில் 2006-ல் பாடம் நடத்துவதற்காகவே எழுதிய குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம். பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸின் ஆறாம் பதிப்பு 1975-ல் வெளியானது. அதன் வடிவமைப்பைப் பின்பற்றி, இன்றைய சி மொழியில் எழுதியது இது. முதலில் இன்டெல் வகைச் சிப்புகளுக்கு இருந்தது, 2019-ல் ரிஸ்க்-ஃபைவுக்கு மாறியது. ரிஸ்க்-ஃபைவ் பெர்க்லியில் 2010-ல் தொடங்கிய திறந்த வடிவமைப்பு. சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசஸர் இதே வகைதான் என்று சொன்னால் மாணவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். கர்னல் முழுவதும் பத்தாயிரம் வரிக்குள் அடங்கிவிடும். லினக்ஸ் கர்னல் கோடிக்கணக்கான வரி, அதில் நுழைந்தால் மே மாதம் அல்ல, ஆயுளே போதாது.

முதல் வாரம் அவமானம். சி மறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பாயிண்டரை, அதாவது நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரியை, கையில் வைத்துக்கொண்டு, அதை எண்ணாகவும் பார்த்து, இடமாகவும் பார்த்து, தேவைப்பட்டால் ஃபங்ஷனாகவும் பார்க்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. முப்பத்தெட்டு வயதில் நோட்டு போட்டுப் பாயிண்டர் படித்தேன். ஏழாவது படிக்கும் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, உனக்கும் ஹோம்வொர்க்கா?" என்றாள்.

எக்ஸ்வி6-ஐ க்யூஎமு என்ற போலிக் கணினிக்குள் ஓட்ட வேண்டும். ஓடியது. ஒரு டாலர் குறி வந்து நின்றது. அப்புறம் வெளியே வரத் தெரியவில்லை. கன்ட்ரோல்-சி, எஸ்கேப், எக்ஸிட், குவிட் எல்லாம் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. டெர்மினலையே மூடிவிட்டேன். இப்படி நாலு நாள் மூடினேன். கன்ட்ரோல்-ஏ அழுத்தி, கையை எடுத்துவிட்டு, எக்ஸ் அழுத்த வேண்டுமாம். முதல் லேப் தாளின் முதல் வரி இதுதான் என்று அன்றே முடிவு செய்தேன்.

இரண்டாவது வாரம் ஃபோர்க், அதாவது ஒரு ப்ராசஸ் தன்னைப் போலவே இன்னொன்றை உருவாக்கும் அழைப்பு. இதில் நான் எத்தனை கேள்வி கேட்டிருக்கிறேன்! மூன்று ஃபோர்க் வரிசையாக இருந்தால் எத்தனை ஹலோ அச்சாகும்? எட்டு. ஃபோர்க் ஒரு தடவை கூப்பிட்டால் இரண்டு தடவை திரும்பும், அம்மாவுக்குக் குழந்தையின் எண், குழந்தைக்குப் பூஜ்ஜியம். இதை ஒரு மந்திரம் மாதிரி ஒன்பது வருஷம் சொன்னேன். எக்ஸ்வி6-ல் அந்த மந்திரம் ஒரே ஒரு வரி. ரிஸ்க்-ஃபைவில் ஒரு ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பு ஏ0 என்ற ரிஜிஸ்டரில், அதாவது சிபியூவுக்குள் உள்ள ஒரு சின்னச் சேமிப்பிடத்தில், இருக்கும். குழந்தைக்காகச் சேமித்துவைத்த ரிஜிஸ்டர்களில் ஏ0 இருக்கும் இடத்தில் பூஜ்ஜியத்தை எழுதுகிறார்கள், அவ்வளவுதான். குழந்தை கண் விழிக்கும்போது, ஏதோ தானே ஃபோர்க்கைக் கூப்பிட்டு பூஜ்ஜியம் பதிலாக வந்தது போல நினைத்துக்கொண்டு ஓடுகிறது. அந்த வரியைப் பார்த்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மந்திரவாதியின் சட்டைக் கைக்குள் இருந்த புறாவைப் பார்த்துவிட்ட சிரிப்பு.

ப்ராசஸ் சொல்லும் முகவரி நினைவகத்தில் உண்மையில் எங்கே என்று காட்டும் பட்டியலான பேஜ் டேபிளை நான் எப்போதும் அவசரமாகக் கடந்துவிடுவேன். இந்தத் தடவை உட்கார்ந்தேன். எக்ஸ்வி6 பயன்படுத்தும் முறையில் முகவரிக்கு 39 பிட். கடைசி 12 பிட், 4096 பைட் கொண்ட ஒரு பக்கத்துக்குள் எந்த இடம் என்பதைச் சொல்லும். மீதி 27 பிட்டை ஒன்பது ஒன்பதாக மூன்றாகப் பிரித்து, மூன்று படியாகத் தேடுகிறார்கள். ஏன் மூன்று படி? நேராக ஒரே பட்டியல் போட்டால் என்ன? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 27 பிட்டுக்கு 13 கோடியே 42 லட்சம் பதிவுகள், ஒவ்வொன்றும் 8 பைட். ஒரு ப்ராசஸுக்கு ஒரு ஜிபி! பட்டியலுக்கு மட்டும். எங்கள் லேப் கணினியில் மொத்த ராமே நாலு ஜிபி. நாலு ப்ராசஸின் பட்டியல் வைத்தால் கடை மூடல். மூன்று படியாக வைத்தால், இல்லாத கிளைகளுக்குப் பக்கமே ஒதுக்க வேண்டாம். முதல் ப்ராசஸின் பேஜ் டேபிளை அச்சிட ஒரு ஃபங்ஷன் எழுதி எண்ணினேன். ஐந்து பக்கம், 20 கேபி.

வகுப்பில் இதற்குப் பின்கோடைச் சொல்லப்போகிறேன். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளா பக்கம். முதல் மூன்று 637 என்றால் எங்கள் பக்கத்துத் தபால் பிரிப்பு. கடைசி மூன்று எந்தத் தபால் நிலையம் என்று சொல்லும். மூட்டையைப் பிரிக்கிறவர் ஒவ்வொரு படியிலும் சில இலக்கங்களை மட்டும் பார்த்தால் போதும், நாமக்கல்லில் இருப்பவர் டெல்லியின் தெருக்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டாம். முழுக்கப் பொருந்தாது, ஆனால் முதல் பத்து நிமிஷத்துக்குத் தாங்கும்.

மூன்றாவது வாரம் ஒரு தப்பு என்னை இரண்டு நாள் படுத்தியது. ஒவ்வொரு ப்ராசஸும் என்னென்ன சிஸ்டம் கால் (கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) கூப்பிட்டது என்று குறித்துவைக்க ஒரு பயிற்சி தயார் செய்துகொண்டிருந்தேன். குறிப்புகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ப்ராசஸ் முடியும்போது விடுவித்துவிட வேண்டும். ஓட்டினால் கர்னல் பேனிக், மொத்தமும் நின்றுவிட்டது. திரையில் எஸ்காஸ் என்ற இடத்தில் 13, அதாவது இல்லாத இடத்திலிருந்து படிக்கப் பார்த்த குற்றம். எந்த இடம் என்று பார்த்தால் 0101010101010101. இப்படி ஒரு முகவரியா? ஏதோ தாளம் மாதிரி இருந்தது. என் குறியீட்டில் இந்த எண் எங்கேயும் இல்லை. க்யூஎமு கோளாறு என்று கூட நினைத்தேன். தப்பு செய்த மாணவன் முதலில் கம்பைலரைத் திட்டுவான், நானும் அதையே செய்தேன்.

இரண்டாம் நாள் ராத்திரி, நினைவகம் ஒதுக்கும் கோப்பைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. எக்ஸ்வி6 ஒரு பக்கத்தை விடுவிக்கும்போது அதன் எல்லா பைட்டிலும் 1-ஐ நிரப்பிவிடும். புதிதாகக் கொடுக்கும்போது 5-ஐ நிரப்பிக் கொடுக்கும். வேண்டுமென்றேதான். வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர் பழைய சாவியோடு திரும்பி வந்தால் கையும் களவுமாகப் பிடிக்க வைத்த ஏற்பாடு. நான் பக்கத்தை விடுவித்த பிறகு, அதற்குள் இருந்த ஒரு பாயிண்டரைப் பின்தொடர்ந்திருக்கிறேன். அந்த ஒன்றுகள் எனக்காகவே எழுதிவைத்தவை. 0505 என்று வந்திருந்தால், வாங்கிய பக்கத்தில் எதுவும் எழுதாமலே படித்திருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு வரிகளை இடம் மாற்றினேன், சரியாகிவிட்டது. இந்தத் தப்பை அப்படியே பயிற்சியாக வைக்கப்போகிறேன். பதிலைச் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் படட்டும்.

இப்போது அந்த அம்பு.

எக்ஸ்வி6-ல் ப்ராசஸ் மாற்றும் இடம் ஒரு சின்ன அசெம்பிளிக் கோப்பு, அதாவது சிபியூவின் கட்டளைகளையே நேரடியாக எழுதியது. பதினாலு கட்டளைகள் பதினாலு ரிஜிஸ்டர்களை நினைவகத்தில் எழுதுகின்றன. அடுத்த பதினாலு, வேறொரு இடத்திலிருந்து அதே ரிஜிஸ்டர்களுக்கு மதிப்புகளை எடுக்கின்றன. கடைசியில் ஒரு ரெட், அதாவது திரும்பிப் போ. மொத்தம் 29 கட்டளை. நான் யூனிட் இரண்டில் ஒரு மணி நேரம் பேசியது இந்த 29 கட்டளையைப் பற்றித்தான். பார்க்காமலே பேசியிருக்கிறேன்.

பார்த்தவுடன் புரியவும் இல்லை. எங்கிருந்து ஓட வேண்டும் என்பதைச் சொல்லும் ப்ரோக்ராம் கவுண்டரைச் சேமிக்கும் வரி எங்கே? நான் வரையும் பிசிபி பெட்டியில் அதுதான் முதல் வரி! இங்கே இல்லை. அதற்குப் பதில், இந்த ஃபங்ஷன் முடிந்ததும் திரும்ப வேண்டிய முகவரி இருக்கும் ஆர்ஏ ரிஜிஸ்டர் சேமிக்கப்படுகிறது. ஃபங்ஷன்கள் தற்காலிக விவரங்களை வைக்கும் ஸ்டாக் எங்கே என்று சொல்லும் ஸ்டாக் பாயிண்டரும் சேமிக்கப்படுகிறது. அப்புறம் இரண்டும் மாற்றப்படுகின்றன. அதனால் கடைசி ரெட் நடக்கும்போது, கூப்பிட்டவரிடம் திரும்பாமல் வேறொருவரிடம் போய்த் திரும்புகிறது. அந்த வேறொருவர் எப்போதோ இதே ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தவர். அவருக்குத் தன் கூப்பாடு இப்போதுதான் முடிந்தது போலத் தோன்றும். ஒரு கதவில் நுழைந்து வேறொரு வீட்டிலிருந்து வெளியே வருவது மாதிரி. 32 ரிஜிஸ்டரில் ஏன் பதினாலு மட்டும் என்பதற்கும் பதில் இதுதான். இது வெறும் ஃபங்ஷன் கால். மீதியில் தேவையானதைக் கூப்பிட்ட பக்கமே, சி கம்பைலரின் வழக்கப்படி, ஏற்கெனவே ஸ்டாக்கில் வைத்துவிட்டது.

நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்க்க உதவும் ஜிடிபியில் ஒவ்வொரு கட்டளையாக நகர்த்தி, ஸ்டாக் பாயிண்டர் மாறுகிற அந்த ஒரு கணத்தைப் பார்த்தேன். திரும்பத் திரும்ப ஏழெட்டு தடவை பார்த்திருப்பேன். சாம்பார் அடி பிடித்துவிட்டது.

பையனின் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருந்தது. கர்னல் தனியாக எங்கோ உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வினாடிக்குப் பத்து தடவை போல டைமர் தட்டுகிறது, தட்டுவது ஹார்டுவேர். தட்டியதும் ஓடிக்கொண்டிருந்த ப்ராசஸே தன் கர்னல் ஸ்டாக்கில் ஏறி, கர்னல் குறியீட்டுக்குள் போய், சரி நான் விலகிக்கொள்கிறேன் என்று அந்த 29 கட்டளையைத் தானே கூப்பிடுகிறது. அங்கிருந்து ஒவ்வொரு சிபியூவுக்கும் ஒன்றாக இருக்கும் செட்யூலருக்குப் போகிறது. செட்யூலர் 64 இடம் கொண்ட பட்டியலை வரிசையாகப் பார்த்து, ஓடத் தயாராக இருக்கும் அடுத்தவரைப் பிடிக்கிறது. இதுதான் ரவுண்ட் ராபின். காத்திருப்பு நேரத்தின் சராசரியை அது கணக்கிடுவதே இல்லை.

ஆறாம் பதிப்பு யூனிக்ஸிலும் ப்ராசஸ் மாற்றும் இடம்தான் சிக்கலானது. அங்கே ஒரு பிரபலமான குறிப்பு உண்டு: இது உங்களுக்குப் புரியும் என்று எதிர்பார்க்கவில்லை. பல வருஷம் அதை எல்லோரும் திமிர் என்று நினைத்திருந்தார்கள். டென்னிஸ் ரிச்சி பிற்பாடு விளக்கினார். 'இது பரீட்சையில் வராது' என்கிற தொனியில்தான் எழுதினார்களாம், உண்மையில் தங்களுக்கே அங்கே நடப்பது சரியாகப் புரிந்திருக்கவில்லை என்றும் சொன்னார். எங்கள் வகுப்பில் ஒவ்வொரு மணி நேரமும் கேட்கிற கேள்வி, "மேம், இது எக்ஸாம்ல வருமா?" யூனிக்ஸிலேயே அதற்குப் பதில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அந்த ஆறாம் பதிப்பை வகுப்பில் வரிவரியாக நடத்தியவர் ஜான் லயன்ஸ். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில், 1970-களின் நடுவில், தன் மாணவர்களுக்காக மூலநிரலையும் விளக்கத்தையும் அச்சிட்டுக் கொடுத்தார். 1979-ல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம் மூலநிரலை வகுப்பில் பாடமாக வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. அப்புறம் என்ன, ஜெராக்ஸ்தான். நகலின் நகலின் நகலாக அது உலகம் முழுக்கச் சுற்றியது. முறைப்படி புத்தகமாக வந்தது 1996-ல். எங்கள் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் முக்கிய வினா-விடைக் கட்டு தொங்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஜெராக்ஸ் கடைக்கு இப்படியும் ஒரு வம்சம் உண்டு என்று தெரிந்த பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

தமிழில் எப்படிச் சொல்வது என்றும் யோசித்தேன். செயல்முறை, கருவகம் என்று எழுதிப் பார்த்தேன். பரீட்சைத் தாளிலும் மூலநிரலிலும் பிள்ளைகள் பார்க்கப்போவது ப்ராசஸும் கர்னலும்தான், அதனால் சொற்களை அப்படியே விட்டுவிட்டு, விளக்கத்தைத் தமிழில் சொல்வது என்று முடிவு. கர்னல் என்றதும் ராணுவக் கர்னலா என்று கேட்கிற பிள்ளை வருஷத்துக்கு ஒன்று உண்டு. கேட்கட்டும்.

லேப் அசிஸ்டன்ட் அண்ணன்தான் பயந்தார். "ஏனுங்க மேடம், இதெல்லாம் நம்ம மெஷின்ல ஓடுங்களா?" அறுபது கணினி, பாதிக்கு மேல் பழசு. எக்ஸ்வி6 கேட்கும் ராம் 128 எம்பிதான் என்றதும் அவர் முகம் தெளிந்தது. நாலு நாளாக ஒவ்வொன்றாக லினக்ஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். இதுவரை நாற்பத்தேழு தேறியிருக்கிறது. ஃபைல் சிஸ்டம் பகுதியை நான் இன்னும் தொடவில்லை. அது செப்டம்பரில்தான் வரும், அதற்குள் படித்துவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலையில் சேரப்போகிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால்: தடித்த பாடப் புத்தகத்தை இப்போதே வாங்கி வைக்காதீர்கள். பாயிண்டரை மட்டும் ஒழுங்காகப் படித்துவிட்டு வாருங்கள். ஹெக்ஸாடெசிமல் எண்களை (பத்துக்குப் பதில் பதினாறை அடிமானமாகக் கொண்டவை) பார்த்தால் மிரளாத அளவுக்குப் பழகுங்கள். விண்டோஸை விட்டு ஒரு வாரமாவது லினக்ஸ் டெர்மினலில் இருந்து பாருங்கள். மீதியை லேபில் பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று மதியம் லேபில் இருந்தபோது அந்தப் பையன் வந்தான், இன்டர்ன்ஷிப் படிவத்தில் கையெழுத்து வாங்க. இப்போது மூன்றாம் வருஷம் முடித்துவிட்டான். கையெழுத்துப் போட்டுவிட்டு, "உனக்கு ஒரு பதில் பாக்கி இருக்கு, உட்கார்" என்றேன். என்ன பதில் என்று அவனுக்கு நினைவே இல்லை. கேள்வியையும் நானே ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. அசெம்பிளிக் கோப்பைத் திறந்து காட்டினேன். ஆர்ஏ, ஸ்டாக் பாயிண்டர், வேறு வீட்டில் போய்த் திரும்பும் ரெட், எல்லாம் சொன்னேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் கழித்துக் கேட்டான்.

"எல்லாரும் முன்னாடி இத கூப்பிட்டு வெச்சவங்கதான் திரும்புவாங்கன்னா, இப்பதான் பொறந்த ப்ராசஸ் ஒரு தடவகூட கூப்பிட்டிருக்காதே மேம். அது எங்க போய்த் திரும்பும்?"

எனக்குப் பதில் தெரியும். ஒரு வாரத்துக்கு முன்னால் இதே இடத்தில் நானும் மாட்டிக்கொண்டிருந்தேன். புது ப்ராசஸை உருவாக்கும் ஃபங்ஷனில் ஆர்ஏ இடத்தில் முன்கூட்டியே ஒரு பொய் முகவரி எழுதிவைத்திருக்கிறார்கள். சொல்லவில்லை. கீபோர்டை அவன் பக்கம் தள்ளினேன்.

"ப்ராக் கோப்புல இருக்கு. தேடு."